இடம் வலம்

அச்சுக் கோப்பவனுக்கு
எல்லாம் இடவலம் மாறித்தான் தெரியும்.
தாளில் விழுந்த பிறகே நேராகும்.
நாற்பது வருடம் அப்படி வாசித்தவன் நான்,
ரெசிஃபே நகரில், மீன் சந்தைக்குப் பின்தெருவில்,
ஆறு வற்றும்போது
சேற்று வாடை ஏறிவரும் அறையில்.

டோனா எமெரென்சியானாவை
முகம் பார்க்குமுன் கையெழுத்தாய் அறிவேன்.
வியாழன்தோறும் ஒரு கவிதை வரும்:
நிலா, மல்லிகை, செத்துப்போன கிளி.
மோசமில்லை. நல்லதென்றும் சொல்லமாட்டேன்.
மூன்றாம் பக்கத்தில் போடுவோம்.

நான்காம் பக்கம் ஓடிப்போனவர்களுக்கு.
முன்பல் இல்லாதவன், வயலின் வாசிப்பான்.
பதினாறு வயதுப் பையன், திக்குவாய்,
கணுக்காலில் விலங்குத் தழும்பு.
பிடித்துத் தருவோர்க்கு ஐம்பது மில்ரெய்ஸ்.
ஒரே தாளின் முன்னும் பின்னும்.
நிலாவை விளக்குக்கு நேரே பிடித்தால்
அந்தப் பக்கத்துத் தழும்பு தெரியும்.
அவரும் ஒருநாள் பிடித்திருப்பார்.

ஏனென்றால் ஒரு வியாழன்
அதே கையெழுத்தில் கவிதை வரவில்லை,
விளம்பரம் வந்தது.
அண்ணன் லெயோபோல்டோவுக்குக் கரும்பாலை உண்டு,
நாலு வரி சேர்த்தெழுத வராது.
அந்த வீட்டில் எழுதுகிறவள் தங்கைதான்.

"கிட்டேரியா. முப்பது வயது. குட்டை.
வலக் கன்னத்தில் சூட்டுக் காயம்.
தெற்கே, அலகோவாஸ் பக்கம் போயிருக்கலாம்."

கிட்டேரியாவை எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை நண்டு விற்பாள்,
காசை எண்ணி எசமானிடம் கொடுப்பாள்.
எங்கள் நிலைப்படிக்குக் குனிந்து வருகிற உயரம்.
காயம் இடப்பக்கம்.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன்.
ஈயத்தோடு பழகிய கண், மாற்றிப் பார்க்கும்.
பிறகு 'வல' என்ற இடத்தில்
மை திட்டாக நின்றிருப்பதைக் கண்டேன்.
பேனா அங்கே மூச்சு வாங்கியிருக்கிறது.

என் விடுதலைச் சீட்டு அப்போதும் சட்டைப்பையில் இருந்தது,
மடிப்பு மடிப்பாய்க் கிழிந்து.
அதைப் பறிக்க ஒரு புகார் போதும்.

கோத்தேன். ஓரெழுத்தும் மாற்றாமல்.
முதலாளி பார்த்துவிட்டுப் பிழையில்லை என்றார்.
தெற்கே நாய்களோடு போனார்கள்.
வடக்கே ஒரு கட்டுமரம்
உப்பு மூட்டைகளுக்கு நடுவே
உயரமான ஒருத்தியைச் செயாராவில் இறக்கிவிட்டது.

அதன்பின் நிலா வரவில்லை.
சொந்தப் பெயரில் கட்டுரைகள் வந்தன,
நாடகக் கொட்டகையில் பேசினார்,
அழுகிய ஆரஞ்சு வீசினார்கள், துடைத்துக்கொண்டு பேசினார்.
அண்ணன் வீட்டுக் கதவு சாத்தியது.
பியானோவை விற்று ஒரு தாயையும் இரண்டு குழந்தைகளையும் மீட்டார்,
மூன்றாவது குழந்தைக்குப் பணம் போதவில்லை,
அதைப் பற்றி அவர் கடைசிவரை எழுதவே இல்லை.
பதினோரு சிறு நூல்கள். எல்லாம் என் விரல் பட்டவை.
சொல் கொஞ்சம் அதிகம்.
அந்த மூன்று வரியின் கச்சிதம் எதிலும் இல்லை.

எண்பத்தெட்டு மே. சட்டம் வந்த வாரம்.
தெரு முழுக்கப் பேண்டு வாத்தியம்.
அவர் குடையோடு அச்சகத்துக்கு வந்து
என் பெட்டியருகில் நின்றார்.

"அன்று நீங்கள் திருத்தவில்லை."

"எனக்கு இடவலம் தெரியாது, டோனா."

சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்தார்.
"அந்த விளம்பரத்துக்கு அண்ணன் காசு கட்டினாரா?"

கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன்.
ஒன்பது வருடப் பாக்கி.

ஒவ்வொரு நாணயமாக எண்ணி வைத்தார்.
ரசீது வேண்டும் என்றார்.
எழுதினேன்.