பாதியில் நின்ற படம்

ருவைஸில் வியாழக்கிழமை இரவென்றால்
பேய்ப்படம்.
ஹார்ட் டிஸ்க் தஸ்தகீருடையது,
லேப்டாப் ரெஜியுடையது,
பயம் மட்டும் பொது.

ஆறு பேர், மூன்று இரட்டைக் கட்டில், ஓர் அறை.
படத்திலோ நான்கு பேருக்குப் பதினோரு அறை.
"இத்தன ரூம் கெடந்தா பேய் வராம
சொந்தக்காரனாடே வருவான்?" என்பான் பலவேசம்.
எங்கள் கட்டிலுக்கடியில்
பேய் ஒளிய இடமில்லை:
அரிசிச் சாக்கு, சேஃப்டி ஷூ,
ஊருக்குக் கட்டிவைத்த அட்டைப்பெட்டி.

இன்னாசிக்குப் பிசாசு பிடித்த பெண் வேண்டும்,
அவள் சுவரேற வேண்டும், பாதிரியார் தோற்க வேண்டும்.
கடைசியில் பாதிரியார் ஜெயித்துவிட்டால்
ஜெபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டே
டைரக்டரைத் திட்டுவான்.

பேயைக் காட்டும் படத்தைத் தஸ்தகீர் மதிப்பதேயில்லை.
"மூஞ்சியக் காட்டிட்டா அது யாரோ ஒருத்தி.
நாற்காலி மட்டும் நகரணும்.
யார் நகர்த்துனதுன்னு
படம் எடுத்தவனுக்கே தெரியக் கூடாது."

தில்பகதூருக்கு மொழி புரியாது.
பேய் வந்தால் சிரிப்பான்.
யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சியில்
போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்வான்.

எனக்குச் சத்தம் நிற்க வேண்டும்.
மின்விசிறி, தவளை, எங்கோ அழும் பிள்ளை
எல்லாம் ஒரு நொடி ஒதுங்கி
வழிவிட வேண்டும்.

அந்த ஆகஸ்டில் ஒரு படம்.
மலைவீடு, மழை.
ஒருத்தி கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.
வெளியே நின்று "திற" என்பது
அவளுடைய குரல்.

அப்போது ஏ.சி. நின்றது.

நின்ற பிறகுதான் தெரிந்தது
மூன்று வருடமாய் அந்த இரைச்சலுக்குள்தான்
படுத்திருக்கிறோம் என்று.
குழாய்ச் சொட்டு. பக்கத்து அறை இருமல்.
கேம்ப் முழுக்க நானூறு பேர்
ஒன்றாக விழித்துக்கொண்டு
பேசாமல் கிடக்கும் சத்தம்.
சார்ஜ் மூன்று சதவீதம்.
"திற" என்றது மறுபடி.
திரை அணைந்தது.

பாயோடு மொட்டைமாடிக்கு ஏறினோம்.
கடலின் ஈரம்
நனைத்த துணிபோல முகத்தில் ஒட்டியது.
தூரத்தில் ரிஃபைனரியின் உயரக் குழாயில் தீ
ஆறு முகங்களையும்
அணைத்து அணைத்து ஏற்றியது.

"தெறந்திருப்பா" என்றான் இன்னாசி.
"திறந்தா படம் கழிஞ்ஞு. இனியும் நாற்பது நிமிஷம் உண்டு" என்றான் ரெஜி.
"உள்ள இருக்கவதான் பேய்"
தஸ்தகீர் கண்ணைத் திறக்காமல் சொன்னான்.
என்ன பேச்சென்று தில்பகதூர் கேட்டான்.
பலவேசம் விளக்குவதற்காகத்
தண்ணீர்த் தொட்டியில் மூன்று முறை தட்டினான்.
தொட்டி காலி.
தட்டல் உள்ளே போய்
நேரமெடுத்துத் திரும்பி வந்தது.
படுத்திருந்த எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம்.

அடுத்த வியாழன் மீதியைப் பார்க்கலாம் என்றிருந்தோம்.
திங்களன்று தஸ்தகீரை
வேறு சைட்டுக்கு மாற்றினார்கள்.
ஹார்ட் டிஸ்க்கும் பஸ் ஏறிவிட்டது.
படத்தின் பெயரை ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

பிறகு எத்தனையோ பார்த்தாயிற்று.
ஷார்ஜாவில் இப்போது எனக்கே எனக்கென்று ஓர் அறை,
ஜன்னல்கூட உண்டு.
முகங்கள் வருகின்றன, அலறுகின்றன,
டீ ஆறுவதற்குள் போய்விடுகின்றன.

பிடித்த பேய்ப்படம் எதுவென்று கேட்டால்
பெயரில்லாத அதைத்தான் சொல்கிறேன்.
எட்டு வருடமாக அவள் கை
அதே தாழ்ப்பாளில்.
சில இரவுகளில், குளிர் போதுமென்று
ஏ.சி. டிக்கென்று தானாக நிற்கும்.
சோற்றுத் தட்டின் முன்னால்
நான் அசையாமல் இருப்பேன்.
தில்பகதூர் பார்த்தால்
போர்வையை இழுத்துக்கொள்வான்.