பெங்கெல்லி ஏரி

வரைபடத்தில் எங்கள் ஊர்
நகக்கண் அளவு நீலம்.
நிலமளக்க வந்தவன் வந்தது மழை பிழைக்காத ஆண்டு.
கறுப்பு அன்னங்கள் மிதந்தனவாம்.
தாடையைச் சொறிந்துகொண்டே
தன் மாமனார் பெயரை அதற்கு இட்டான்.
மாமனாரோ கடைசிவரை
கார்ன்வாலைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு நீர் வந்தது நான்கு தடவை.

கணக்கு என்னுடையது.
தினமும் காலை ஒன்பது மணிக்கு
கோழிக்கூண்டுக்குப் பின்னால் நிற்கும் மழைமானியை
எடுத்துப் பார்த்து எழுதுகிறேன்.
எனக்கு முன் எழுதியவள் எட்னா ஹென்ஷ்கே.
எழுபத்து நாலில் அங்குலம் போய்
மில்லிமீட்டர் வந்ததென்று சிவப்பு மையில் குறித்திருக்கிறாள்.
எண்கள்தான் பெரிதாயின,
மழை அல்ல.

எதையெல்லாம் ஊர் என்கிறோம்:
ரயில் நிற்காத தண்டவாளத்தருகே ஒரு தானியக் குதிர்,
மண்டபம்,
வலையில்லாத டென்னிஸ் தளம்,
குண்டு துளைத்த மூன்று ஓட்டைகளோடு
ஒரு பச்சைப் பலகை.
பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
பதினேழு பிள்ளைகள், ஒன்பது,
பிறகு ரஸ் ஹென்ஷ்கேயின் இரட்டையர் மட்டும்.
பிறகு பேருந்தை விற்றார்கள்.

முதல் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு
அறுநூற்று நாற்பது ஏக்கர் வீதம்
சீட்டுப் போட்டுக் கொடுத்தது அரசாங்கம்.
கிளாட் வியரின் சீட்டில் வந்தது முழுக்க ஏரி.
அது வறண்டு கிடந்தது. பார்லி விதைத்தார்.
முதல் இரண்டு அறுப்பு மூட்டை மூட்டையாய்.
மூன்றாம் ஆண்டு உப்பு பூத்தது.
அவருடைய மனைவி மாலி மர வேர்களைத் தோண்டி
டன் கணக்கில் மெல்பர்ன் அடுப்புகளுக்கு அனுப்பினாள்;
அந்த ஊரார் எங்கள் காட்டில் குளிர்காய்ந்தார்கள்.
பத்தாம் ஆண்டு
கதவைச் சாத்தாமலே போய்விட்டார்கள்.
வீடு இல்லை. வாசலில் அவர்கள் நட்ட மிளகு மரம் இருக்கிறது.
மிளகு என்கிறோம், காரமில்லை.

இதற்கெல்லாம் முன்னால்
நீர் தங்கிய இரண்டு கோடைகளில்
படகுக் கழகம் ஒன்று நடந்திருக்கிறது.
தலைவர், பொருளாளர், கோப்பை, எல்லாம்.
அந்தப் படகு மண்டபத்து உத்தரத்தில்
தலைகீழாய்த் தொங்கிற்று.
அதற்கடியில்தான் என் கல்யாண விருந்து.
விட்டத்திலிருந்து உமி உதிர்ந்து
கேக்கின் மேல் விழுந்தது.

போன வெள்ளத்தன்று மானியில் ஆறு மில்லிமீட்டர்.
பெய்தது இங்கே அல்ல, தெற்கே மலைகளில்.
ஐந்தாம் நாள் நீர் வந்தது,
சத்தமில்லாமல்,
முன்னால் வைக்கோல் துணுக்குகளைத் தள்ளிக்கொண்டு,
வாடகை பாக்கி கேட்க வருபவனைப்போல்.
வேலி போயிற்று. ரஸ்ஸின் பார்லி போயிற்று.
மண்டபத்தில் ஜன்னல் விளிம்புவரை.

வெர்னா கினியர் அந்த வாரம் வந்தாள்,
தோளில் மட்டக்கருவி, முழங்கால்வரை ரப்பர் காலணி.
கிழக்குக் கரையில் பிறைபோல் வளைந்த மணல்மேடு.
அதன்மேல் பழைய அடுப்புக் குவியல்கள்,
சுட்ட களிமண், சிப்பி ஓடு,
அவள் சனங்கள் சமைத்த இடம்.
ஒவ்வொன்றாக அளந்தாள்.
நீர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் கீழே
நின்றிருந்தது.
"யாரிடமாவது கேட்டிருக்கலாம்," என்றாள்,
எங்கள் மண்டபக் கூரையைப் பார்த்து.

மாமனாருக்கு முந்திய பெயரையும் சொன்னாள்.
மழைப் புத்தகத்தில் 'குறிப்பு' என்ற கட்டத்தில்
எழுதப் பார்த்தேன்.
நடுவில் வரும் ஒலிக்கு என்னிடம் எழுத்தில்லை.
அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து,
காகிதம் கிழிந்தது.

ஞாயிறன்று ரஸ் படகை இறக்கினான்.
நூறு வருஷம் காய்ந்த பலகை.
அவனும் நாயும் இருபது கஜம் போனார்கள்.
பிறகு நாய் மட்டும் நீந்தி வந்தது;
ரஸ் இடுப்பளவு நீரில் நின்றபடி
கரையிலிருந்த பதினாலு பேருக்கும்
தொப்பியைக் கழற்றி வணங்கினான்.

இப்போது மறுபடி பார்லி.
படகு முங்கிய இடத்திலேயே கிடக்கிறது.
விதைப்பு எந்திரம் அங்கே வந்ததும்
சற்று வளைந்து போகிறது.

இன்று காலை: 0.4.
காற்று வடக்கு.