ஐந்தாம் பெயர்

பட்டியலில் என் பெயர் ஐந்தாவது.
மேயர் இல்லையென்றால் துணைமேயர்,
அவரும் இல்லையென்றால் நிர்வாக இயக்குநர்,
பிறகு பொறியாளர் ஹால்வர்ட்.
நால்வரும் இல்லாத நாளில்
ஸ்கார்விக் நகராட்சி என்பது நான்:
குன்வோர், நூலகர், வயது ஐம்பத்து மூன்று,
இடது முழங்கால் சரியில்லை.

எதிர்க்கரை மலையில் ஒரு விரிசல்,
ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர் அகலும்.
விரல் நகமும் அதே வேகம்தான்;
வெட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.
ஒருநாள் மலை விழும், ஃபியோர்டு எழும்.
எங்களுக்கு ஒன்பது நிமிடம்.

தலைக்கு மேல் போகும் வெள்ளத்தில்
சாண் என்ன, முழம் என்ன என்று கேட்காதீர்கள்.
மருந்துக்கடை அலைக்கோட்டுக்கு ஒரு முழம் கீழே.
பள்ளிக்கூடம் ஒரு சாண் மேலே.
அந்தச் சாணுக்காக நகரமன்றத்தில்
மூன்று வருடம் சண்டை.

திட்டம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
கல்லறைத் தோட்டமும் கோட்டுக்குக் கீழேதான்,
ஆகவே அறுபதாம் பக்கத்தில்
புதைக்க வேறு இடம்: எய்லிவின் மேய்ச்சல் நிலம்.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்,
"ஆடுகளிடம் சொல்லாதீர்கள்" என்று.
பன்னிரண்டாம் தேதி சம்பளம் போயாக வேண்டும்,
உலகம் முடிந்தாலும், என்று எழுதியிருந்தேன்;
உலகத்தை இயக்குநர் அடித்துவிட்டார்.
நூலகப் புத்தகங்களுக்குத் தொண்ணூறு நாள் அபராதமில்லை.
அது நானே சேர்த்தது.

நவம்பர் ஒத்திகை. மழை பனியாகிக்கொண்டிருந்தது.
மேட்டில் பனிச்சறுக்கு மன்றத்தின் கூடம்,
ஜெனரேட்டர், நாற்பது மடக்கு நாற்காலி.
மாகாண அலுவலகத்து இளைஞன்
நால்வரின் தோளையும் தொட்டு
"நீங்கள் இறந்துவிட்டீர்கள்" என்றான், பணிவாக.
இறந்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்து
வாஃபிள் தின்றார்கள்.
மேயர் இன்னும் கொஞ்சம் ஜாம் கேட்டார்.

நகராட்சி முத்திரை என் கைக்கு வந்தது.
நினைத்ததைவிட இலேசு.
காகிதத்தில் அலை வந்தது, போனது.
காகிதத்தில் பன்னிரண்டு பேரைக் காணவில்லை.
முதியோர் இல்லத்துக்கு ஆக்சிஜன் அனுப்பினேன்,
இல்லாத சாலையில், இல்லாத வண்டியில்.

பத்தே முக்காலுக்கு நிஜத் தொலைபேசி.
படகுத்துறைத் தெருவில் குடிநீர்க் குழாய் வெடித்து
ஓசேயின் நிலவறை நிரம்புகிறதாம்.
"ஒத்திகைக்காகவா?" என்றேன்.
"என் உருளைக்கிழங்கு மிதக்கிறது" என்றாள்.

வால்வு எங்கே?
எழுபத்தொன்றாம் பக்கம்: பொறியாளரைக் கேட்கவும்.
எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.
ஹால்வர்ட் வாய் நிறைய வாஃபிள்.
அவர் இளைஞனைப் பார்த்தார்,
இளைஞன் கடிகாரத்தைப் பார்த்தான்.
செத்தவர் எழுந்து பேசலாமா என்பதற்குத்
திட்டத்தில் விதி இல்லை.

எழுந்தார்.
"பழைய ஹெர்ரிங் கிடங்கின் பின்னால்,
வடக்குச் சுவரிலிருந்து ஏழடி,
தட்டைக் கல்லைப் புரட்ட வேண்டும்.
மூடுவதற்கு இடப்பக்கம் திருகணும்.
யாரோ ஒருத்தர் தலைகீழாகப் பொருத்திவிட்டார்."
இருபத்தாறு வருட வேலை.
யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

எழுதிக்கொண்டேன்.
பிறகு ஒத்திகையை அப்படியே விட்டுவிட்டு
முழங்கால் முனக முனகக் குந்தி
இறந்தவர் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்:
வேறென்ன இருக்கிறது, உங்கள் தலைக்குள் மட்டும்?

துணைமேயருக்கு ஒரு சாவி ஞாபகம் வந்தது.
இயக்குநருக்கு ஒரு கடவுச்சொல், வெட்கத்தோடு.
மேயர் தட்டைக் கீழே வைத்தார்:
"பாலத்துக்கு அப்பால் இருக்கும் டோர்லெய்ஃப்
சைரன் அடித்தாலும் கதவைத் திறக்கமாட்டான்.
நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
நாய் போன வருடமே செத்துவிட்டது.
பெயர் இன்னும் வேலை செய்கிறது."

இப்போது நூற்றுப் பதினைந்து பக்கம்.
நாயின் பெயர் கடைசிப் பக்கத்தில், தடித்த எழுத்தில்.

இரவு முழங்காலுக்கு மருந்து தேய்க்கும்போதுதான் உறைத்தது:
என் பெயருக்குக் கீழே காலியாக இருக்கிறது.
பேருந்து ஓட்டும் யோருனைக் கேட்க வேண்டும்.
அவளுக்கு எல்லார் வீட்டு வாசலும் தெரியும்.
நாளைக்கே.