பாதிக் கூரை

மாசி பதினேழு. மேலப்பாளையம்.
வாய்க்காலை ஒட்டிய சந்தில்
பீரம்மாள் வீட்டுத் தகரத்தில்
பாதிக்கு மட்டும் வெள்ளை அடித்தோம்.
பேரியம் சல்பேட், அக்ரிலிக் பசை,
நானும் அருள்சேகரனும் ஆய்வுக்கூட மிக்சியில்
மூன்று வாரம் அரைத்தது.
மீதி துருவோடு அப்படியே இருக்கும்.
ஒப்பிட ஒன்று வேண்டும் இல்லையா.

"சுண்ணாம்புதான டீச்சர்?" என்றாள்.
நான் டீச்சர் இல்லை, அது சுண்ணாம்பும் இல்லை.
வெயிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறைத் திருப்பிவிடும்,
அதோடு
எட்டு மைக்ரானுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில்
காற்று பூட்ட மறந்த ஒரு சன்னல் இருக்கிறது,
அது வழியாகத் தன் சூட்டை
நேரே விண்வெளியில் கொட்டிவிடும்
என்று சொல்ல ஆரம்பித்தேன்.
சுளகிலிருந்து கண் எடுக்காமல்
"கொட்டட்டும், அங்க யாரு இருக்கா" என்றாள்.

பகல் ஒன்றரை.
துருவில் அறுபத்தொன்று.
வெள்ளையில் முப்பத்துமூன்று,
வெளிக்காற்றைவிட மூன்று குறைவு.
அருள்சேகரன் ஏணியில் நின்றபடியே
யாருக்கோ போன் போட்டான்.
கரண்டு இல்லை, விசிறி இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை,
உச்சி வெயிலில் நிழலைவிடக் குளிர்ந்த ஒரு தகரம்.
உலகத்தில் எங்கெங்கோ அடித்துப் பார்த்தாயிற்று.
ஆனாலும்
இது நாங்கள் அரைத்தது. இந்த ஊர் வெயில்.
கீழே ஏழு பெண்கள்
ஒன்றும் பேசாமல் சுளகோடு நகர்ந்து
வெள்ளைக்கு அடியில் உட்கார்ந்தார்கள்.
எங்கள் முதல் வரைபடம் அதுதான்.

பன்னிரண்டாம் நாள் விடியலில்
மருமகள் ஜைத்தூன் போன் செய்தாள்:
"வெள்ளை அழுவுது."

உண்மைதான்.
இரவெல்லாம் அந்தப் பாதி
சன்னலைத் திறந்து வைத்தபடி தூங்கியிருக்கிறது.
துடைத்துவைத்த வானம்.
பதினெட்டு வரை இறங்கியிருக்கிறது தகரம்.
வீட்டார் மூச்சு, உலைக் கொதி,
வெட்டுவதற்கு நனைத்துப் போட்ட பீடி இலையின் ஈரம்
எல்லாம் மேலே போய், ஒட்டி, திரண்டு,
சொட்டுச் சொட்டாய்த் திரும்பியிருக்கிறது,
சரியாக, கட்டி அடுக்கிய பண்டல்களின் தலையில்.

கம்பெனிக் கணக்குப்பிள்ளை
ஆயிரத்து நூறு பீடியைக் கழிவு என்று தள்ளினார்.
தூளுக்குப் பிடித்தம் வேறு.
"ஒங்க சன்னலுக்குக் கொண்டி கெடையாதா?"
என்றாள் ஜைத்தூன்.
உண்டு. வனேடியம் ஆக்சைடு,
குளிர்ந்தால் தானே மூடிக்கொள்ளும்.
வேறு நாட்டு ஆய்வுக்கூடங்களில்
செய்து பார்த்துக் கட்டுரையும் எழுதிவிட்டார்கள்.
எங்களிடம் அதற்கான உலை இல்லை,
உலைக்கான பணமும் இல்லை.
இதைச் சொல்லவில்லை.
பர்ஸில் இருந்ததைக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து
அதிகமாய் இருந்த இருபதைத் திருப்பித் தந்தாள்.

பிறகு நடந்ததை எந்த அட்டவணையில் சேர்ப்பது?
சென்சார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியது
தகரத்தின் சூட்டை மட்டும்.
லுஹர் பாங்குக்கு முன்பே சுளகுகள் வெள்ளைக்கு அடியில்.
இஷா முடிந்ததும் இலைச்சாக்கு, தூள் டப்பா, பண்டல்,
தொட்டிலோடு ஜைத்தூன் பிள்ளை
எல்லாம் துருவுக்கு அடியில்.
தரையில் யாரும் கோடு போடவில்லை,
கோட்டைத் தாண்டி ஒரு இலைகூடக் கிடக்கவில்லை.
சொட்டு விழும் இடத்தில் ஒரு சருவச்சட்டி.
காலையில் அதில் முக்கால் லிட்டர் நிற்கும்.
அன்றைக்கு வெட்டும் இலையை
அதில்தான் நனைக்கிறார்கள்.

ஆடியில் நிதி வந்தது.
கூரை முழுக்க அடிக்கலாம், பக்கத்தில் ஆறு வீட்டுக்கும்.
டப்பாக்களோடு போய் இறங்கினோம்.
பீரம்மாள் ஏணியைத் தரவில்லை.
"பக்கத்து வீட்டுக்கு அடிங்க, தாராளமா.
ஆனா அங்கயும் பாதிதான்.
மிச்சம் ராத்திரிக்கு வேணும்லா."

அருள்சேகரன் என்னைப் பார்த்தான்.
நான் ஆட்டோவில் இருந்த டப்பாக்களை எண்ணினேன்.
பதினான்கு.
ஏழு போதும்.