பத்தாவது விரல்

உட்துறைமுக வீதி வேலிக்கு
இருபத்திரண்டு தகடுகள்.
வரைந்தவர் கொழும்பில் இருக்கிறார்.
வெட்டுவதும் ஒட்டுவதும் நான்.
உதவிக்கு வரோதயன்,
பாதி நேரம் அவன் காதில் ஃபோன்.

எட்டாம் தகட்டில் எண்ணெய்த் தாங்கிகள்.
சோக்கால் எண் போட்டுத்
தொண்ணூற்றொன்பது வட்டம் வெட்டினேன்.
கீழே விழுந்த சில்லுகளுக்கு
நடுவில் ஓட்டை போடச் சொல்லி
வாங்கிப் போனார் சாம்பல்தீவு மீன்காரர்.
சீனன்குடாத் தாங்கிகள் இப்போது
கடலடியில் வலை தாழ்த்துகின்றன.

பதினொன்றில் புல்மோட்டை.
மாதிரிக்கென்று கறுமணல் கொட்டினேன்,
மூலைமட்டக் காந்தத்துக்கு மீசை முளைத்தது.
வழித்தேன், விரலுக்கு வந்தது.
மத்தியானம் சோற்றுக்கும் வந்தது.

துருவுக்கு ஒரு பூச்சுப் போதாது என்றேன்.
எஸ்டிமேட்டில் ஒன்றுதான் என்றார்கள்.
உப்புக்காற்று எஸ்டிமேட் வாசிக்குமா?

பதினாலில் ஆளுயர மனிதன்,
தோளில் மா மூட்டை.
நிறுத்திய அன்று மாலை
கிண்ணியா பஸ்ஸுக்கு நின்ற ஒருவர்
வீதி கடந்து வந்து
மேலிருந்து கீழே பார்த்தார்.
கீழே வந்ததும் சிரித்துவிட்டார்.
"மூட்டை சரி, கழுத்துச் சாய்வும் சரி.
சப்பாத்துப் போட்டு எவன் மகள் மூட்டை தூக்கினான்?
பலகையில வழுக்கும். விரல்தான் பிடிக்கும்."

பெயர் சவாஹிர்.
பத்தொன்பது வருடம் சுமந்தவராம்.
காட்டுங்க என்றேன்.
வலது செருப்பைக் கழற்றி
என் கருவிப்பெட்டி மேல் கால் வைத்தார்.
பெருவிரல் தனியே விலகி நின்றது,
வேறொரு பிராணியைப் போல.
பஸ் போனதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

கிறைண்டர் பொறியில் சப்பாத்துப் போனது.
கம்பி துண்டாக்கி, தட்டி, வளைத்து
விரல் விரலாக ஒட்டினேன்,
நகத்துக்கு ஒவ்வொரு பொட்டு.
இடதுகாலை
வலதைப் பார்த்துத் திருப்பிச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தார்.
குனிந்து எண்ணினார்.
பிறகு இடது செருப்பையும் கழற்றினார்.
நாலு விரல்.
சுண்டுவிரல் இருந்த இடத்தில்
மூடிய வாய் போல ஒரு தழும்பு.

"வெட்டி எடுக்கட்டா?" என்று கேட்டுவிட்டேன்.
கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது.
அவர் இரும்பு விரலை
வெயில் சூடு பார்ப்பதுபோல் தொட்டார்.
"வேணாம் மகள். அவனுக்கு இருக்கட்டும்."

பில்லில் எழுதினேன்:
மேலதிக வேலை, கால்விரல், ஒன்பது.
நகரசபைக் கணக்காளர்
இரண்டு தரம் வாசித்தார்,
தகட்டுப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மை வராத பேனையை உதறினார்.