முனகும் பெட்டி

போன வைகாசியில் நாங்கள் கண்விழித்தது
வேறொரு கரையில்.
நங்கூரம் போட்ட இடத்துக்கு முக்கால் மைல் தள்ளி,
அலையாத்தி வேர்களுக்கு நடுவே, சேற்றில் சாய்ந்து.
தண்ணீர் திரும்ப ஏறும்வரை
ஒரு நாரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.
ஜெகதீசன் ரொட்டித் துண்டு ஒன்றை வீசினான்.
அதைக்கூட அது மதிக்கவில்லை.

அன்றே முடிவு செய்தோம்:
நங்கூரம் நழுவினால் கத்துகிற கருவி ஒன்று
வாங்கியே ஆகவேண்டும்.

ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில்
தவுக்கே ஹெங்கின் கடை.
உர மூட்டைக்கும் செம்பனை அரிவாளுக்கும் இடையே
கண்ணாடிக்குள் இருந்தது அது.
அறுநூற்று எண்பது வெள்ளி.
சத்தம் எப்படி என்றேன்.
பொத்தானை அழுத்தினார்.
கடைப்பூனை கூரைக்குப் போய்விட்டது.
எனக்கு அது ஒரு கொசு.

பதினெட்டு வருடம் எண்ணெய் ஆலையில்,
கொதிகலன் பக்கம், இரவு ஷிப்ட்.
நீராவி சீறச் சீற
மதிய உணவு நேரத்தை நள்ளிரவில் தூங்கிக் கழித்தவன்.
என் காது
சத்தத்தைத் தின்றே வளர்ந்தது.

"கைப்பேசியிலேயே இருக்கிறது, இலவசம்" என்றான் சம்சூர்.
சோதித்துப் பார்த்தோம்.
ஞாயிறு மாலை, பழ லாரியின் பின்னால்
கோணியை விரித்து நான் படுத்தேன்.
தலைமாட்டில் கைப்பேசி.
நான் குறட்டை விட்டதும்
ஜெகதீசன் மெல்ல லாரியை நகர்த்தவேண்டும்,
ஐம்பது அடி போதும்.
நான் எழவில்லை என்று இன்னும் ஐம்பது.
பிறகு அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது.
நான் எழுந்தேன், தெலுக் இந்தானில்,
ரொட்டி சானாய் கடை வாசலில்.
வழியெல்லாம் கத்திக் கத்தி
கைப்பேசி செத்துக் கிடந்தது.

சம்சூர் எடைமேடைக் குமாஸ்தா.
எண்ணில் கிலோ பிசகினாலும் சாப்பாடு இறங்காது.
ஆற்றுவாயில் ஓதம் திரும்பும்போது
படகும் திரும்பும், முப்பது மீட்டர் கயிறோடு,
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்.
அதற்கெல்லாம் கத்தினால்
நாலாவது கத்தலில் கருவியை அணைத்துவிடுவோம்,
நழுவுவது ஐந்தாவதில்.
பில் புத்தகத்தின் பின்னால் வரைந்து காட்டினான்:
"வட்டத்தின் நடுப்புள்ளி
நங்கூரம் விழுந்த இடம்.
நீ நிற்கிற இடம் இல்லை."
அதை இரண்டு முறை சொன்னான்.
வேறு எதையோ பற்றியும் சொன்னமாதிரி இருந்தது.

வட்டம் சரி. காது?

ஆடியில் ஒரு ராத்திரி
பலகையில் படுத்திருந்தேன்.
டர்பைன் நின்றது.
ஆலை முழுக்க இருட்டு. சத்தம் போன இடத்தில்
ஒரு பெரிய பள்ளம்.
யாரும் எழுப்பவில்லை.
எல்லோருக்கும் முன்னால்
நான் நின்றுகொண்டிருந்தேன், செருப்பில்லாமல்.

விடிந்ததும் சம்சூரிடம் ஓடினேன்.
அவன் மகள் ஹுஸ்னா, பாலிடெக்னிக்கில் மூன்றாம் பருவம்,
சோப்பு டப்பா ஒன்றில் பற்றவைத்துத் தந்தாள்.
நங்கூரம் பிடித்திருக்கும்வரை அது முனகும்.
வட்டத்தைத் தாண்டினால் முனகல் நிற்கும்.
பேட்டரி தீர்ந்தாலும் நிற்கும்.
தண்ணீர் புகுந்தாலும், ஒயர் அறுந்தாலும்,
வானத்துச் செயற்கைக்கோள் எங்களை மறந்தாலும்.
"கெட்டுப்போனாலும் மாமா,
உங்களை எழுப்பிவிட்டுத்தான் கெட்டுப்போகும்."
நூற்றுப்பத்து வெள்ளி. கூலி வேண்டாம் என்றாள்,
பெரிய நண்டாக இரண்டு கேட்டாள்.

முதல் இரவு.
பெட்டி கொதிகலன்போல் முனகியது.
நான் வீட்டில்கூட அப்படித் தூங்கியதில்லை.
ஜெகதீசன் பஞ்சை அடைத்தான், துண்டைச் சுற்றினான்,
பெட்டியின் தாயைப் பழித்தான்.
இரண்டே முக்காலுக்கு
எட்டி அணைத்துவிட்டான்.

துள்ளி எழுந்தேன்.
கரை எங்கே, கரை எங்கே?
தோட்டத்துப் படகுத்துறை விளக்கு
வைத்த இடத்தில் இருந்தது.

படுத்தபடியே சொன்னான்:
"வேலை செய்கிறது, போய்த் தூங்கு."

எப்படித் தூங்குவது.
விளக்கை எண்ணியபடி உட்கார்ந்திருந்தேன்.
ஒன்றுதான் இருந்தது.