பதினோராம் கேள்வி

கடல் இல்லாத ஊர் எங்களுடையது.
மூக்கனேரியில் முழங்கால் நனைத்ததற்கு மேல்
எனக்குத் தண்ணீர் தெரியாது.
ஆனாலும் புதுச்சேரிக்குப் பணம் கட்டிவிட்டேன்,
பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு,
போனஸில் பாதி.

படிவம் நான்கு பக்கம்.
மாரடைப்பு இல்லை. வலிப்பு இல்லை.
காதில் அறுவை இல்லை.
கருவுற்றிருக்கிறீர்களா? இல்லை,
அங்கே மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.
பதினொன்று: இழுப்பு, ஆஸ்துமா, இன்ஹேலர்.
ஆம் என்றால் மருத்துவர் கையொப்பம் வேண்டும்.

ஃபேர்லேண்ட்ஸில் டாக்டர் மெஹருன்னிசா
குழாயை என் வாயில் வைத்து
ஊதுங்க ஊதுங்க இன்னும் இன்னும் என்றார்.
பிரசவ வார்டுக்கு வெளியே நின்று
கேட்டிருக்கிறேன் அந்தக் குரலை.
எழுபத்தொரு சதவீதம்.
"இறங்குறதுல பெருசா ஒண்ணுமில்ல.
ஏறும்போதுதான்.
உள்ள மாட்டிக்கிட்ட காத்து விரியும்.
வழி கிடைக்கலைன்னா கிழிச்சிக்கிட்டுப் போகும்."
பேனாவை மூடி வைத்தார்.
போகாதே என்றும் சொல்லவில்லை.
மூணு மாசம் மருந்து எடுங்க, மறுபடி ஊதலாம்.

ஏற்காடு தபால் நிலையத்தில்
நாளைக்கு முந்நூறு முறை முத்திரை குத்துகிறவள் நான்.
என் நுரையீரலுக்கு ஒன்று கிடைக்கவில்லை.
என் மூச்சு. என் போனஸ். என் நாற்பத்து மூன்று வயது.
யாரைக் கேட்க வேண்டும்?

கடைசி பஸ்ஸில் இறங்கும்போது போன் போட்டேன்.
"எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணுங்க மேடம்,
யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் ரீகன்.
சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா.
"என்கூட கீழ வர்றது யாரு?"
"நான்தான். எது ஆனாலும்
தூக்கிட்டு மேல வந்துடுவேன்."
அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை
ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது,
ஏழெட்டு ஐம்பத்தி நாலு என்று.
யாரும் திருத்தவில்லை.

ஒன்பதாவது கொண்டை ஊசியில் சிக்னல் போனது.
காது அடைத்தது, தினமும் அடைக்கிற இடம்.
மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினேன்.
வலது திறந்தது.
இடது, வழக்கம்போல, இரண்டு வளைவு தள்ளி.
சேலத்து விளக்குகள் அடியில் கிடந்தன.

பதினொன்றில் ஆம் என்று டிக் போட்டேன்.
பஸ் திரும்பியதில் கோடு இழுத்துக்கொண்டு
பன்னிரண்டுக்குள் போய்விட்டது.
முதுகுவலி உண்டா?
உண்மையைச் சொன்னால்
அதற்கும் ஆம்தான்.